ஆறடித் தொட்டிக்கு சிக்ளிட் மீன்கள்: எதை எதோடு சேர்க்கலாம்? முழுமையான வழிகாட்டி

முதல் பெரிய தொட்டி வாங்கியபோது, "மிக்ஸ்டு ஆஃப்ரிக்கன்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடியிலிருந்து ஒன்றரை அங்குலக் குட்டிகள் பன்னிரண்டு வாங்கி வந்தேன். நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். அதில் இரண்டு, மஞ்சள் உடம்பில் கறுப்புக் கோடு ஓடும் அழகான மீன்கள். எட்டாவது மாதம் அவற்றில் ஒன்றின் மஞ்சள் மங்கி, உடம்பு முழுக்கக் கருத்தது. அதுதான் ஆரட்டஸ் என்ற அந்த இனத்தின் ஆண் பருவத்துக்கு வரும் அடையாளம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அடுத்த ஐந்து வாரத்தில் ஏழு மீன்களை இழந்தேன். காலையில் விளக்கைப் போட்டால், வால் துடுப்பு நைந்துபோன ஒரு மீன் ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் தலை மேலாக ஒட்டிக்கொண்டு நிற்கும். மறுநாள் அது இருக்காது.

அந்த ஆரட்டஸ் கெட்ட மீன் இல்லை. அது ஏரியில் என்ன செய்யுமோ அதைத்தான் தொட்டியிலும் செய்தது. ஏரியில் தோற்ற மீன் இருபதடி தள்ளி ஓடிவிடும். தொட்டியில் ஓட இடமில்லை. சிக்ளிட்டுகளைச் சேர்த்து வளர்ப்பதில் உள்ள சிக்கல் முழுவதும் இதுதான். அதனால் இந்த வழிகாட்டியில் நிறத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். தண்ணீர், வளர்ந்த அளவு, உணவு, தொட்டியில் பிடிக்கும் இடம், குணம் ஆகிய ஐந்தையும் பார்த்த பிறகுதான் நிறத்துக்கு வர வேண்டும்.

படி 1: உங்கள் வீட்டுத் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிக்ளிட் ஒரே ஊர் மீன் அல்ல. ஆப்பிரிக்காவின் மலாவி, டங்கனிகா, விக்டோரியா ஏரிகள், தென் அமெரிக்காவின் அமேசான் படுகை, மத்திய அமெரிக்க ஆறுகள் என்று பரந்து கிடக்கும் குடும்பம். நம் பக்கத்திலும் உண்டு. பழவேற்காடு ஏரியில் பிடிபடும், கேரளத்துக்காரர்கள் கரிமீன் என்று கொண்டாடும் பச்சை குரோமைட் ஒரு சிக்ளிட்தான். சந்தையில் கிடைக்கும் ஜிலேபி கெண்டையும் அதே குடும்பம். அது 1952ல் வெளியிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

மலாவி ஏரித் தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறத்தாழ 7.8 முதல் 8.6 வரை. டங்கனிகா அதைவிடக் கூடுதல், 9ஐ ஒட்டிப் போகும். அமேசான் பக்கத்து மீன்கள் பலவற்றுக்கு 7க்குக் கீழே, உப்புக் குறைந்த மென்மையான தண்ணீர் வேண்டும். இந்த இரண்டு உலகங்களையும் ஒரே தொட்டியில் கலந்தால், யாரோ ஒருவர் எப்போதும் தன் உடம்புக்கு ஒவ்வாத தண்ணீரில் நீந்திக்கொண்டிருப்பார்.

சென்னையில் பெரும்பாலான வீடுகளில் தொட்டிக்குப் போவது போர் தண்ணீர்தான். அது பொதுவாகக் கடினமான தண்ணீர். வாளியில் வெள்ளைப் படலம், குழாய் முனையில் சுண்ணாம்புப் பொருக்கு இருந்தால் மலாவி மீன்களுக்கு உங்கள் வீடு தயாராக இருக்கிறது என்று அர்த்தம். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளின் நிலைமை நேர் எதிர். அங்கே செவரம், ஜியோஃபேகஸ், ஏஞ்சல் போன்ற தென் அமெரிக்க மீன்கள் எந்த மருந்தும் இல்லாமலே செழிக்கும். தண்ணீரை மாற்றி மீனுக்குப் பொருத்துவதை விட, தண்ணீருக்குப் பொருந்தும் மீனைத் தேர்ந்தெடுப்பது பத்து மடங்கு எளிது. ஒவ்வொரு வாரமும் இருநூறு லிட்டர் பக்கம் மாற்றப்போகிறீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சோதிக்கும்போது இரண்டு விஷயம். ஒன்று, போரிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரின் பி.எச். குறைவாகக் காட்டும், அதில் கரைந்திருக்கும் கரியமில வாயுதான் காரணம். ஒரு வாளியில் பிடித்து, ஏர் ஸ்டோன் (காற்றுக் குமிழி விடும் கல்) போட்டு ஒருநாள் வைத்துவிட்டு அளந்தால்தான் உண்மையான எண் கிடைக்கும். இரண்டு, தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் டி.டி.எஸ். 2000ஐத் தாண்டும், அதில் பெரும்பங்கு சமையல் உப்பாக இருக்கலாம். கால்சியமும் மெக்னீசியமும் எவ்வளவு, கார்பனேட் எவ்வளவு என்பதைச் சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டுதான் சொல்லும். லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு லோடையும் அளந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வாரம் வந்த கிணறும் அடுத்த வாரம் வரும் கிணறும் ஒன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கட்டாயம்.

இனி, சென்னை போர் தண்ணீரை வைத்து ஆறடித் தொட்டியில் ஒரு மலாவிக் கூட்டத்தை அமைப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் இப்போது வைத்திருப்பதும் அதுதான். மற்றவை பற்றிக் கடைசியில் சுருக்கமாக.

படி 2: தொட்டியும் தரையும்

6×2×2 அடி என்றால் விளிம்பு வரை ஏறத்தாழ 680 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடைவெளி போகத் தண்ணீர் 580 லிட்டர் பக்கம் வரும். கண்ணாடி, ஸ்டாண்ட், கல் எல்லாம் சேர்த்தால் எடை ஒரு டன்னை நெருங்கும். மாடி வீடு என்றால் அறை நடுவில் வைக்காதீர்கள். சுவரை ஒட்டி, பீம் போகும் பக்கமாக வையுங்கள். வீடு கட்டியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சிக்ளிட்டுகளுக்கு உயரத்தை விட நீளமும் அகலமும் முக்கியம். அவை எல்லை பிடிப்பது தரையில். இரண்டரை அடி உயரத் தொட்டி பார்க்க கம்பீரமாக இருக்கும், மீனுக்கு அந்தக் கூடுதல் அரையடியால் பெரிய லாபம் இல்லை.

மணல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீடு கட்ட வாங்கிய எம்-சாண்ட் மிச்சம் இருக்கிறது என்று போட்டுவிடாதீர்கள். அது உடைத்த கல். முனை கூராக இருக்கும். பீக்காக் என்ற மலாவி மீன்கள் வாய் நிறைய மணலை அள்ளி செவுள் வழியாக வடிகட்டித் துப்புகிறவை. நன்றாகக் கழுவிய மெல்லிய ஆற்று மணலோ, கடைகளில் விற்கும் ஃபில்டர் மணலோ போதும்.

கல்லை முதலில் வையுங்கள், மணலை அப்புறம் போடுங்கள். மணல் மேல் கல்லை அடுக்கினால் மீன் அடியில் தோண்டத் தோண்டக் கல் சரியும். ஒருநாள் இரவு கண்ணாடி போகும். அடிக்கண்ணாடி மேல் மெல்லிய ஃபோம் ஷீட் விரித்து, அதன் மேல் பெரிய கற்களை அசையாமல் நிறுத்தி, பிறகு மணலைக் கொட்டுவதுதான் முறை. எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும் கல் சுண்ணாம்புக் கல்; மலாவித் தொட்டிக்கு அது நல்லது, அமேசான் தொட்டிக்கு ஆகாது.

படி 3: தொட்டியைப் பழக்குதல்

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் அதிகம். மீன் கழிவிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து நைட்ரைட், அதிலிருந்து நைட்ரேட் என்று மாற்றித்தரும் பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டும் வரை மீன் வேண்டாம். ஏற்கெனவே ஓடும் தொட்டியிலிருந்து அழுக்கான ஸ்பாஞ்ச் ஒன்று கிடைத்தால் காலம் பாதியாகக் குறையும்.

ஃபில்டர் பெரியதாக இருக்கட்டும். மணிக்கு 4000 லிட்டருக்குக் குறையாமல் சுற்ற வேண்டும். சம்ப் (தொட்டிக்குக் கீழே வைக்கும் தனி வடிகட்டும் தொட்டி) வைக்க முடிந்தால் இன்னும் நல்லது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது சென்னையில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது. இப்படி நெருக்கமாக மீன் இருக்கும் தொட்டி, காற்று இல்லாமல் சில மணி நேரம்தான் தாங்கும்.

படி 4: மலாவியின் மூன்று கூட்டங்கள்

கடையில் எல்லாவற்றுக்கும் "ஆஃப்ரிக்கன்" என்று ஒரே பெயர். உண்மையில் நீங்கள் மூன்று வகை மனிதர்களை ஒரே வீட்டில் குடிவைக்கப் போகிறீர்கள்.

முதல் கூட்டம் ம்புனா. பாறை மீன் என்று பொருள். பாறை மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்று, அந்தப் பாறையை உயிரைக் கொடுத்துக் காப்பவை. மூன்று முதல் ஐந்து அங்குலம்தான், ஆனால் கோபம் அதிகம். டெமசோனி, ஜோஹனி, ஆரட்டஸ் எல்லாம் இதில் அடக்கம். சைவத்துக்குப் பழகிய நீளமான குடல். புழுவும் இறைச்சியும் தொடர்ந்து கொடுத்தால் வயிறு ஊதிச் செத்துப்போகும்.

இரண்டாவது பீக்காக். அடிமணலுக்கு மேல் அசையாமல் மிதந்து, மணலுக்குள் நகரும் சிற்றுயிரின் அதிர்வைத் தாடையில் உள்ள நுண்குழிகளால் உணர்ந்து, சட்டென்று தலையை மணலில் குத்தும். ஐந்தாறு அங்குலம் வளரும். சாதுவானவை. ஆண் மீன்தான் வண்ணக் களஞ்சியம். பெண் எல்லா இனத்திலும் சாம்பல் நிறம்.

மூன்றாவது ஹேப். திறந்த நீரில் அலைகிற, பெரும்பாலும் வேட்டையாடுகிற மீன்கள். எலக்ட்ரிக் ப்ளூ அஹ்லி, ரெட் எம்ப்ரஸ், நெற்றி புடைத்த டால்ஃபின், ஒட்டகச்சிவிங்கிப் புள்ளிகள் போட்ட வீனஸ்டஸ். ஆறு முதல் பத்து அங்குலம் வரை போகும். வீனஸ்டஸின் உறவுக்கார மீன் ஒன்று, லிவிங்ஸ்டோனி, செத்த பிணம் போல மணலில் சாய்ந்து கிடந்து, கிட்டே வரும் சின்ன மீனை விழுங்கும். தொட்டியில் அது அப்படிப் படுத்திருப்பதைப் பார்த்துப் பதறிப்போய் வலையைத் தேடியவர்கள் உண்டு.

பீக்காக்கும் ஹேப்பும் சேரும். ம்புனாவும் ம்புனாவும் சேரும். பீக்காக்கோடு ம்புனா சேராது. உணவும் வேறு, சண்டையில் பீக்காக் எதிர்த்து நிற்கவும் முடியாது. இதற்கு விலக்காக நான் துணிந்து சொல்வது இரண்டே மீன்கள்: எலக்ட்ரிக் எல்லோவும் ரஸ்டியும். இரண்டும் ம்புனாவாகப் பிறந்தும் சாந்தமானவை.

படி 5: ஆண் மட்டுமா, குடும்பமா?

இந்தக் கேள்விக்கு வாங்கும் முன்பே பதில் வேண்டும். பாதியில் மாற்ற முடியாது.

குஞ்சு பொரிக்க ஆசை என்றால் நாலைந்து இனம் மட்டும், ஒவ்வொன்றிலும் ஒரு ஆணுக்கு நாலு பெண். ஒரு பெண் மட்டும் இருந்தால் ஆண் அதைத் துரத்தியே கொன்றுவிடும்; நாலு இருந்தால் துரத்தல் பங்கு பிரியும். முட்டையைத் தாய் வாயில் வைத்து மூன்று வாரம் பட்டினியாக அடைகாக்கும். அந்த நாட்களில் தாடை புடைத்து, தீனி போட்டாலும் ஒதுங்கி நிற்கும் பெண்ணைப் பார்ப்பது தனி அனுபவம். ஆனால் இரண்டு பீக்காக் இனங்களைச் சேர்த்து வைத்தால் அவை கலந்துவிடும். பெண்களைப் பிரித்தறியவே முடியாது. அந்தக் கலப்புக் குஞ்சுகளை அசல் இனத்தின் பெயரில் விற்பதுதான் இன்று பாதிக் குழப்பத்துக்குக் காரணம்.

வண்ணக் காட்சிதான் முக்கியம் என்றால் ஆண் மீன்கள் மட்டும் போடுங்கள். முதல்முறை பெரிய தொட்டி வைக்கிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். பெண் இல்லாத இடத்தில் சண்டைக்கான காரணம் பாதி போய்விடும். ஒரே ஒரு பெண் தவறி நுழைந்தால்கூட மொத்தத் தொட்டியும் அன்றிலிருந்து போர்க்களம். எனவே மூன்று அங்குலம் தாண்டி, நிறம் வரத் தொடங்கிய மீனாக வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஈரக் கையில் மல்லாத்திப் பாருங்கள்: வயிற்றின் பின்பக்கம் இரண்டு துளைகள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் ஆண். வால் பக்கத்துத் துளை பெரிது என்றால் பெண். பின் துடுப்பில் உள்ள முட்டைப் புள்ளிகளை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், பெண்ணுக்கும் அது வரும்.

ஒன்றரை அங்குலத்திலேயே முழு நிறத்தில் பளபளக்கும் பீக்காக் குட்டிகளை வாங்க வேண்டாம். ஹார்மோன் கொடுத்து நிறம் ஏற்றியதாக இருக்கும். சில வாரத்தில் நிறம் வடிந்து, பாதிக்கு மேல் பெண்ணாக நிற்கும்.

படி 6: பட்டியல் போடுதல்

சிக்ளிட் தன்னைப் போலவே இருப்பவனைத்தான் முதலில் அடிக்கும். நீல மீன் இன்னொரு நீல மீனை, குறுக்குக் கோடு போட்டது இன்னொரு கோடு போட்டதை. ஆகவே ஆண் தொட்டியின் விதி: ஒரு தோற்றத்துக்கு ஒரு மீன். இங்கேதான் நிறம் கணக்கில் வருகிறது, அதுவும் அழகுக்காக இல்லை.

நான் ஆறடித் தொட்டிக்கு எழுதிக் கொடுக்கும் பட்டியல் ஏறக்குறைய இப்படி இருக்கும். டால்ஃபின் ஒன்று. ரெட் எம்ப்ரஸ் ஒன்று. அஹ்லி ஒன்று, அது இருந்தால் டால்ஃபினைத் தவிர முழு நீலத்தில் வேறு ஹேப் கிடையாது. மேல்மட்டத்தில் நீந்த போர்லேயி ஒன்று. பீக்காக்கில் மஞ்சள் உடம்பு பெங்கா, சிவப்பில் ஒன்று, நெற்றியிலிருந்து முதுகுத் துடுப்பு வரை கந்தக மஞ்சள் பட்டை ஓடும் மேலண்டி, புள்ளி சிதறிய ஓ.பி. பீக்காக், யுரேகா என்று ஐந்தாறு. இதில் யுரேகா கொஞ்சம் முரடன், ஓ.பி. மனிதர் உண்டாக்கிய கலப்பு. கீழே எலக்ட்ரிக் எல்லோ நாலைந்து. இவை மட்டும் கூட்டமாக இருக்கலாம். எல்லாம் சேர்த்து பதின்மூன்றிலிருந்து பதினைந்து மீன்.

பதினைந்து அதிகம் போலத் தோன்றும். ஆனால் ஐந்தே மீன் போட்டால் பெரியவன் ஒருவனைக் குறிவைத்து அடித்தே தீர்த்துவிடுவான். கூட்டம் இருந்தால் அடி பரவும். இதற்கு விலையாக வாரம் முப்பது, நாற்பது சதவீதம் தண்ணீர் மாற்ற வேண்டும். மாற்ற முடியாதவர்கள் கூட்டம் சேர்க்கக் கூடாது.

வீனஸ்டஸ் வேண்டுமென்றால் கடைசியில், மற்றவை எல்லாம் நாலு அங்குலம் தாண்டிய பிறகு. வாயில் நுழைகிற மீன் அதற்கு இரை, அவ்வளவுதான்.

உணவுக்கு, எல்லோருக்கும் பொதுவாக ஸ்பைருலினா பாசியும் இறாலும் கலந்த நல்ல பெல்லெட் போதும். நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு. மாட்டு இதயம், கோழி ஈரல் வேண்டவே வேண்டாம். வெள்ளை நூல் போல மலம் தொங்கினால் அன்றே தீனியை நிறுத்துங்கள்.

படி 7: விடும் வரிசை

புது மீன் எதுவானாலும் தனித் தொட்டியில் மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். பிறகு சாதுவை முதலில் விட வேண்டும், முரடனைக் கடைசியில். டால்ஃபினும் எலக்ட்ரிக் எல்லோவும் முதல் தவணை. இரண்டு மூன்று வாரம் கழித்து யுரேகா தவிர மற்ற பீக்காக்குகள் எல்லாம் ஒன்றாக. தனித்தனியாக விட்டால் ஒவ்வொரு புதியவனும் அடி வாங்குவான். கடைசித் தவணை அஹ்லி, யுரேகா.

ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் மூன்று நான்கு கற்களை இடம் மாற்றி வைப்பேன். பழைய மீன்களின் எல்லைக் கணக்கு கலைந்து, எல்லோரும் புதிதாகக் குடிவந்தவர்கள் ஆகிவிடுவார்கள். மாலையில், பழையவற்றுக்குத் தீனி போட்டுவிட்டு, விளக்கை அணைத்த பிறகு புது மீன்களை உள்ளே விடுங்கள். காலைவரை விளக்கைப் போடாதீர்கள்.

படி 8: முதல் மாதம் என்ன பார்ப்பது

துரத்தலைப் பார்த்தே பயப்பட வேண்டாம். ஓரடி, இரண்டடி துரத்திவிட்டுத் திரும்பினால் அது எல்லைத் தகராறு; தினமும் நடக்கும். தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே மீனை விடாமல் துரத்தினால் அது கொலை முயற்சி. மேல் மூலையில் நிற்பது, துடுப்பை மடக்குவது, நிறம் மங்குவது, செதில் உதிர்வது எல்லாம் அடி வாங்குகிறவனின் அடையாளங்கள்.

அப்போது அடிபட்டதை வெளியே எடுப்பதுதான் இயல்பாகத் தோன்றும். எடுத்துக் குணப்படுத்துங்கள், ஆனால் அடிப்பவனையும் எடுங்கள். அவனை விட்டுவைத்தால் நாளை அடுத்தவனைப் பிடிப்பான். ஒரு வாரம் தனித் தொட்டியில் வைத்து, கற்களை மாற்றிவிட்டு அவனைத் திரும்ப விட்டால் பல நேரம் அடங்கிவிடுகிறான். இரண்டு முறை செய்தும் அடங்காவிட்டால் அவனுக்கு அந்தத் தொட்டி பொருந்தாது.

மே மாதம் இன்னொரு கவனம். சென்னையில் தொட்டித் தண்ணீர் 31, 32 டிகிரியைத் தொடும். சூடு ஏற ஏற ஆக்சிஜன் குறையும், கோபம் கூடும். மூடியைத் திறந்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன விசிறி ஒன்றை ஓடவிட்டால் இரண்டு டிகிரி இறங்கும். தீனியையும் குறையுங்கள்.

மற்ற சேர்க்கைகள்

மென்மையான தண்ணீர் உள்ளவர்கள் ஆறடித் தொட்டியில் இரண்டு ஆஸ்கர், இரண்டு செவரம், ஐந்தாறு ஜியோஃபேகஸ் வைக்கலாம். ஆஸ்கர் ஒரு அடி வளரும், அழுக்கும் அதற்கேற்ப. நியான் டெட்ரா போன்ற பொடி மீன்கள் அதற்குப் பலகாரம். ஃப்ளவர்ஹார்ன் தனியாகத்தான், துணை தேட வேண்டாம். ஜாகுவார், ரெட் டெவில் ஆகியவற்றுக்கும் அதே தீர்ப்பு. கான்விக்ட் ஒரு ஜோடி சேர்ந்து முட்டையிட்டால் மூன்றங்குல மீன்கள் பாதித் தொட்டியைத் தமதாக்கிக்கொள்ளும். டங்கனிகாவின் ஃப்ரன்டோசா நிதானமான பெரிய மீன். ஏழெட்டுக் குட்டிகளாக வாங்கி அவற்றை மட்டுமே வளர்ப்பது அழகு.

நம் ஊர் சிக்ளிட்டுகளையும் சொல்லாமல் விட மனமில்லை. ஆரஞ்சு குரோமைட் குட்டிகள் பச்சை குரோமைட்டின் துடுப்பில் இருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்திச் சுத்தம் செய்யும். பெரியவன் அசையாமல் நின்று இடம் கொடுப்பான். அதே ஆரஞ்சு குரோமைட் வாய்ப்பு கிடைத்தால் பச்சையின் முட்டையையும் குஞ்சையும் தின்னும். லேசான உப்புத் தண்ணீரில் இந்த இரண்டையும் வைத்து ஒரு தொட்டி அமைத்தால், மலாவிக்கு ஈடான காட்சி கிடைக்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

அடங்காத மீனை ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். ஜிலேபி கெண்டை நம் நீர்நிலைகளில் எப்படிப் பரவியது என்று எல்லோருக்கும் தெரியும். சென்னை கொளத்தூர் பக்கம் சில மீன் கடைக்காரர்கள் நல்ல நிறத்தில் உள்ள வளர்ந்த ஆண் மீனைத் திரும்ப எடுத்துக்கொண்டு வேறு மீன் தருவார்கள். வாங்கும் அன்றே "வளர்ந்து சண்டை போட்டா திருப்பி எடுத்துப்பீங்களாண்ணா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.